பென்சிலின் ஆகாது

மாத்திரை தொண்டையைத் தாண்டிப் போய்விட்டது, இனி யார் வந்து வேண்டாமென்றாலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது என்று தெரிந்த பிறகுதான் மாரிக்கனிக்கு நிம்மதி வந்தது. கூடவே பயமும் வந்தது. இரண்டில் எதைக் கவனிப்பது என்று தெரியாமல் சுவர்க் கடிகாரத்தைக் கவனித்தாள். பத்து பத்து. பதினொன்று பத்து வரைக்கும் இந்தச் சாய்வு நாற்காலியைவிட்டு இறங்கக் கூடாது, உதடு மரத்தாலும், எங்கே அரித்தாலும், நெஞ்சு படபடத்தாலும் உடனே சொல்ல வேண்டும், வெட்கப்படக் கூடாது என்று நர்ஸ் ஜெசிந்தா சொல்லியிருந்தாள். நெஞ்சு படபடக்க மாத்திரை எதற்கு, அது பாட்டுக்கு ரெண்டு வருடமாகப் படபடத்துக்கொண்டுதானே இருக்கிறது, அதற்காகத்தானே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தாள், சொல்லவில்லை. ஒன்பதரைக்கே மாத்திரையில் ஒரு துணுக்கைக் கரைத்துக் கொடுத்து அரை மணி நேரத்துக்கு மேல் உற்று உற்றுப் பார்த்துவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. இப்போது முழுசு. அமாக்ஸிசிலின், பென்சிலின் குடும்பத்துப் பிள்ளை. ஏழு வயதிலிருந்து எமன் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட ஒன்றை நாற்பத்து நான்கு வயதில் அவளாகவே வாயில் போட்டு, அவளாகவே தண்ணீர் குடித்து, அவளாகவே விழுங்கியிருக்கிறாள். சம்மதக் கையெழுத்தும் அவளேதான் போட்டாள். கூட ஒரு கையெழுத்துப் போடச் சொன்னதற்குக் கணவன் காளிராஜ் மாட்டேன் என்றுவிட்டான். "முப்பத்தேழு வருசம் அதைத் தொடாம நல்லாத்தான இருந்த, இப்ப எதுக்கு உரசிப் பாக்குற?" என்றான். நல்லா இருந்தேனாம். இவன் கண்டான். போட்டால் போடு, போடாவிட்டால் போ என்று அந்தத் தாளைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு சாத்தூரிலிருந்து மதுரைக்கு முதல் பஸ் ஏறிவிட்டாள்.

பென்சிலின் ஆகாது. தன் பெயரைச் சொன்னதைவிட இதைத்தான் அவள் அதிகம் சொல்லியிருப்பாள். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசிக்காரர்கள் வந்தால் வரிசையிலிருந்து முதலில் வெளியே நிற்பவள் அவள்; எந்த ஊசி என்று யாரும் கேட்டதில்லை, ஊசி என்றாலே மாரிக்கனியை ஓரமாக நிறுத்திவிடுவார்கள். பெண் பார்க்க வந்த அன்று காபியைக் கொடுத்துவிட்டு நிமிர்வதற்குள் அவள் அம்மா பேச்சியம்மாள், "எதையும் மறைச்சுச் செய்யக் கூடாதுல்ல, பிள்ளைக்குப் பென்சிலின் ஆகாது" என்று சபையில் போட்டு உடைத்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது கத்தரிக்கா மாதிரியா, கருவாடு மாதிரியா?" என்று கேட்டாள். அரிப்பைக் கிளப்புகிற கரப்பான் பண்டம் என்றால் ஒதுக்கிவைத்துச் சமைத்துவிடலாம் என்று அந்த மனுஷிக்கு எண்ணம். எதையும் மறைக்கக் கூடாது! அன்றைக்கு அம்மா அதைச் சொன்ன தோரணையை இப்போது நினைத்தாலும் மாரிக்கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடுகளவு கூசவில்லை. கண் சிமிட்டவில்லை. அரிக்கிறதா? இல்லை, சேலைத் தலைப்பு. பத்து பதினெட்டு. ரேஷன் கடையில் தராசுக்குப் பின்னால் நின்று இருபது வருடமாக ஊர்வாயை அடக்கியவள் மாரிக்கனி. பாமாயில் வராத மாதத்தில் வட்டச் செயலாளர் வந்து மேசையைத் தட்டியபோது, "அண்ணே, தட்டுனா எண்ணெய் வருமா? வருமின்னா நானும் தட்டுறேன்" என்று கேட்டவள். அந்த வாயை மூடிக்கொண்டு இங்கே ஒரு பழந்தலையணையில் சாய்ந்து, ஒரு விரலில் கிளிப்பை மாட்டிக்கொண்டு, தன் தோலைத் தானே காவல் காத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. முன்னங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதே கறுப்பு, அதே தழும்பு, அரிசி மூட்டையில் கொக்கி கிழித்தது. வேறொன்றும் புதிதாக இல்லை.

ஜெசிந்தா இடப்பக்கம் நின்று ஏதோ சொல்லியிருக்கிறாள். மாரிக்கனி திரும்பாததால் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து, "அக்கா, பிரஷர் பாக்கணும், கையை நீட்டுங்க" என்றாள். இடது காது கேட்காது என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறது, இருந்தாலும் எல்லாரும் மறந்துபோவார்கள். கடையில் இடப்பக்கமிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொழுப்புப் பிடித்தவள் என்று போகிறவர்கள் எத்தனை பேர். பிடித்திருக்கட்டும், அவள் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை. அந்தக் காது போனது இருபத்தாறு வயதில். இரண்டாவது பிள்ளை பிறந்த பதினோராம் நாள் குளிர்க்காய்ச்சல், ரத்தத்தில் கிருமி. என்ன ஊசி போடலாம் என்று டாக்டர் வாயைத் திறப்பதற்குமுன் அம்மா முந்திக்கொண்டாள்: "பென்சிலின் ஆகாது சார், சின்னதுலயே ஆகாது." டாக்டர் பாவம், அவர் என்ன செய்வார், அதை விட்டுவிட்டு வேறு ஊசி எடுத்தார். பத்து நாள் போட்டார்கள். எட்டாம் நாள் காதுக்குள் ஒரு விசில் கிளம்பியது, அடுப்பை அணைத்த பிறகும் அடங்காத குக்கர் மாதிரி. பக்கத்துக் கட்டிலில் யாரோ டிபன் செய்கிறார்கள் என்றுகூட முதலில் நினைத்தாள். பிறகு விசில் நின்றது. எல்லாமே நின்றது. சிலருக்கு இந்த ஊசியில் இப்படி ஆகும், உயிர் பிழைத்ததே பெரிசு என்றார்கள். அவளும் பெரிசுதான் என்று இருந்துவிட்டாள். பதினெட்டு வருடம். பிள்ளையை இடப்பக்கம் போட்டுப் படுத்ததில்லை. சினிமாவுக்குப் போனால் ஓர நாற்காலியாகப் பார்த்து உட்காருவாள். இப்போது வலது காதும் கொஞ்சம் மங்கல். "நூத்திப் பத்து எழுபது, நல்லா இருக்கு" என்றாள் ஜெசிந்தா. எது நல்லா இருக்கிறது?

இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது, தை மாதம் திறந்து மாற்ற வேண்டும். மாற்றுகிற பெரிய டாக்டர்தான் ஃபைல் அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். வால்வு மாற்றினவர்களுக்கு என்றைக்காவது ஒரு கிருமி வந்து அதில் ஒட்டிக்கொண்டால் முதலில் கை போகிற மருந்து இந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறதாம். அதை எடுக்க முடியாமல் போனால் உயிரை வைத்து விளையாடுவதாம். போய் அலர்ஜி டாக்டரைப் பார்த்து, நிஜமாகவே ஆகாதா என்று தெரிந்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பினார். நிஜமாகவே ஆகாதாவா? இது என்ன கேள்வி என்று அன்றைக்கு மாரிக்கனிக்கு ரோஷம் வந்தது. அலர்ஜி டாக்டர் நிலோஃபருக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். "பென்சிலின் ஆகாதுன்னு சொல்லிக்கிட்டு வர்றவங்கள்ல பத்துக்கு ஒம்பது பேருக்கு, சோதிச்சுப் பாத்தா ஒண்ணுமே இருக்கிறதில்லம்மா. நெசமாவே இருந்தவங்களுக்கும் பத்து வருசத்துல பெரும்பாலும் மறைஞ்சுடும். இதை எல்லா நாட்டுலயும் ஆராய்ச்சி பண்ணி எழுதிட்டாங்க. ஆனா அட்டையில எழுதினதை அழிக்கத்தான் யாரும் மெனக்கெடுறதில்ல" என்றாள். அந்த ஒம்பது பேரில் நான் ஒருத்தியா, அந்த மிச்சம் ஒருத்தியா? காளிராஜின் போனுக்கு தினமும் வருகிற சேதிகளில் எல்லாம் அந்த மிச்சம் ஒருத்திதான் வருவாள்: கடலையைத் தின்று விழுந்தவள், தேனீ கொட்டி விழுந்தவள், ஊசி குத்தின கையோடு விழுந்தவள். ஒரு சொட்டு ரத்தத்தில் இருநூறு அலர்ஜி கண்டுபிடிக்கிறோம் என்கிற விளம்பரத்தையும் அனுப்பியிருந்தான். அதைக் காட்டியபோது நிலோஃபர் சிரித்துவிட்டு, "அதைப் பண்ணிட்டு வந்தா நீங்க பச்சைத்தண்ணிதான் குடிக்கணும். மனுசன் என்ன நடந்துச்சுன்னு ஒழுங்காச் சொல்றதுதான் முதல் டெஸ்ட்டே. அம்மா, நீங்க சொல்லுங்க, ஊசி போட்டு எவ்வளவு நேரத்துல தடிச்சுச்சு?" என்று கூட வந்திருந்த பேச்சியம்மாளைக் கேட்டாள். அம்மா மூச்சுவிடாமல், "அன்னைக்கேம்மா. வீடு வந்து சேர்றதுக்குள்ள உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு" என்றாள். அப்படியானால் ஜாக்கிரதையாகத்தான் போக வேண்டும், ஒருவேளை மாத்திரை கொடுத்துப் பார்க்கவே முடியாது என்று நிலோஃபர் எழுதிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ் விருதுநகர் தாண்டியிருக்கும். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன் சீட்டைப் பார்த்துச் சொன்னாள். "அன்னைக்கு இல்ல தாயி." மாரிக்கனி வலக்காதைத் திருப்பினாள். "நாலாம் நாளுதான் வந்துச்சு. தடிப்பு இல்ல. மணல்வாரி அம்மை. அம்மன் வந்திருந்தா." பக்கத்தில் யாரோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாரிக்கனி கேட்டது ஒரே ஒரு கேள்வி, "ஏன் சொல்லல?" அம்மா சாத்தூர் வரும்வரை முன் சீட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் வந்தாள். சொல்லாவிட்டால் என்ன, அந்த ஏழு வயது இவளுக்கும் கொஞ்சம் ஞாபகமிருக்கிறது. காய்ச்சல், இருமல், கண் எரிந்து நீர் வடிந்தது, வேலாயுதம் டாக்டர் இடுப்பில் ஒரு ஊசி போட்டு நாளைக்கும் நாளன்றைக்கும் வரச்சொன்னார். இரண்டு ஊசிதான் போட்டிருப்பார்கள், முகத்தில் மணலை அள்ளி அப்பினாற்போல் பொரிப்பொரியாகக் கிளம்பிவிட்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். வீட்டில் தாளிக்கவில்லை, கறி எடுக்கவில்லை, அப்பா பக்கத்து வீட்டில் சாப்பிட்டார். இளநீரும் கூழுமாகக் கிடந்து மூன்றாம் தண்ணீர் தலைக்கு ஊற்றிய பிறகு எழுந்து உட்கார்ந்தாள். அம்மா இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு நடந்தே போய் முடியிறக்கிவிட்டு வந்தாள். மகளுக்காக இல்லை என்பது இப்போதுதான் புரிகிறது. அம்மன் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிற உடம்பில், தெரியாமல், இரண்டு தடவை ஊசியை இறக்கிவிட்டோமே என்றுதான் போனாள். அதற்கப்புறம் ஒரு மாதம் கழித்து அம்மாவுக்கே காய்ச்சல் என்று அதே டாக்டரிடம் போனபோது அவர், "ஏம்மா அந்தப் பிள்ளைய மறுபடி கூட்டிட்டு வரவே இல்ல?" என்று அதட்டினாராம். போன வாரம் இதைச் சொன்னது சித்தி. அதட்டினால் அம்மா என்ன சொல்வாள்? அம்மை என்றால் அதற்கும் ஊசி போடணும், வேப்பிலையைக் கட்டிக்கிட்டு வீட்டுலயா வச்சிருந்த என்று நாலு பேர் முன்னால் கத்துகிற மனுஷன் அவர். காலில் பூட்ஸு வேறு. தோலைக் காலில் போட்ட ஆளிடம் அம்மன் பெயரை எடுப்பதா? "ஊசி ஒத்துக்கல சார், உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு" என்று சொல்லிவிட்டாள். அவர் பதறிப்போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்தார். அவ்வளவுதான். ஒரு வரி.

ஒரு வரி, ஒரு காது. பத்து முப்பத்தொன்று. இதை எத்தனை தடவை கூட்டிக் கழித்தாலும் அவளால் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. நிலோஃபரிடம் மறுநாளே போன் போட்டு நாலாம் நாள் என்று சொன்னபோது அவள் குரலே மாறிவிட்டது. "நாலாம் நாளா? அப்பக் கதையே வேறம்மா. தோல்ல குத்திப் பாக்கக்கூட வேண்டாம், இந்த மாதிரி ஆளுங்களுக்கு நேரா மாத்திரையே குடுத்துப் பாக்கலாம்னுதான் இப்ப சொல்றாங்க" என்றாள். சந்தோஷம். ஆனால் சந்தோஷம் என்று மட்டும் சொல்லிவிட முடியுமா? இன்னும் நாற்பது நிமிடத்தில் இந்தத் தோலில் ஒன்றும் கிளம்பாவிட்டால் தை மாதம் நல்லபடியாகப் போகும், பிழைத்துக் கிடக்கலாம். சரி. ஒன்றும் கிளம்பாவிட்டால், அந்த இருபத்தாறு வயதிலும் ஒன்றும் கிளம்பியிருக்காது. அன்றைக்கே பென்சிலினைப் போட்டிருக்கலாம். காது இருந்திருக்கும். அப்படியானால் காதை வாங்கியது கிருமியும் இல்லை, ஊசியும் இல்லை, இதோ வெளியே வராந்தாவில் பெஞ்சு நுனியில் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே அவள்தான். கூப்பிடாமலே வந்து ஏறினாள் பஸ்ஸில். பத்தொன்பது நாளாக மாரிக்கனி அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தட்டை நகர்த்தி வைப்பதும், கதவைச் சாத்துவதும்தான் பேச்சு. அப்படியென்றால், ஒரே ஒரு தடிப்பு, கொசு கடித்த அளவுக்கு ஒரு தடிப்பு இப்போது இந்தக் கையில் எழும்பினால்? அம்மா சொன்னது பொய்யாக இருந்தாலும் விஷயம் உண்மையாகிவிடும். அம்மா தப்பித்துவிடுவாள். நான் செத்தாலும் பரவாயில்லை, அவள் தப்பித்துவிடுவாள்! சீ, என்ன நினைப்பு இது. எனக்கு எதற்கு வரணும் தடிப்பு? அவளைக் காப்பாற்றுவதற்காக என் தோல் தடிக்க வேண்டுமா? மாட்டேன். தடிக்க மாட்டேன். பிழைக்கவும் செய்வேன், கோபப்படவும் செய்வேன், இரண்டையும் எனக்கே வைத்துக்கொள்வேன், ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிப்போக இது என்ன பழைய சேலைக்குப் பாத்திரமா.

அப்போதுதான் கழுத்தில் அரித்தது. தாலிக்கயிறு படுகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, வலப்பக்கம். சும்மா என்று இருந்தாள். சும்மா இல்லை. அது நகர்ந்து காதுக்குப் பின்னால் போனது, கேட்கிற காதுக்குப் பின்னால், அய்யோ இதையும் எடுத்துக்கொண்டு போகப்போகிறதா. எச்சிலை விழுங்கினாள். விழுங்கியது இறங்கினதா, பாதியில் நிற்கிறதா? இன்னொரு தடவை விழுங்கினாள். தொண்டையில் ஒரு கை. நாக்கு பெரிதாக இருக்கிறது, வாய்க்குள் நாக்கு எப்போதும் இவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டா இருக்கும்? கடிகாரத்தில் பத்து நாற்பத்து மூன்று. அதன் முள் நகரவில்லை. ஜெசிந்தா மேசையில் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் தட்டில் ஒரு ஊசி தயாராக இருந்தது, ஏதாவது ஆனால் தொடையில் போடுவதற்கு. சொல்ல வேண்டும். சொன்னால் நிறுத்திவிடுவார்கள். நிறுத்திவிட்டால் சிவப்பு மை அப்படியே நிற்கும், சாகிறவரைக்கும் நிற்கும், முப்பத்தேழு வருடத்துக்கு மேல் இனி எத்தனையோ அத்தனையும். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஓர் அரிப்புக்குத் தோற்றுப்போவதா? பேசாமல் இருந்துவிடலாம். இன்னும் இருபத்தேழு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும், யாருக்குத் தெரியப்போகிறது, கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் போகிறது. ஒன்றுமில்லை சிஸ்டர், நல்லாத்தான் இருக்கேன். வாய்க்குள் அந்த வாக்கியம் தயாராகிவிட்டது, அச்சடித்த மாதிரி, எவ்வளவு லேசாக வந்து நிற்கிறது பார் என்று அவளே திகைத்தாள். இப்படித்தானே அம்மாவுக்கும் வந்து நின்றிருக்கும். பயத்தில், நாலு பேர் முன்னால், அந்த நேரத்தைத் தள்ளிவிட்டால் போதும் என்று, இவ்வளவு லேசாக. மாரிக்கனிக்கு உடம்பெல்லாம் ஆத்திரம் வந்தது, அம்மாமேல் பாதி, தன்மேல் பாதி. அந்த ஆத்திரம்தான் அவளைத் தூக்கி நிமிர்த்தியது. "சிஸ்டர்! எனக்குக் கழுத்துல அரிக்குது. தொண்டையும் ஒரு மாதிரி இருக்கு" என்றாள், ரேஷன் கடைக் குரலில், வராந்தாவுக்கே கேட்டிருக்கும்.

நிலோஃபர் ஓடித்தான் வந்தாள். டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், முதுகுப் பக்கம் ஜாக்கெட்டை விலக்கிப் பார்த்தாள், நெஞ்சில் குழலை வைத்து நிதானமாகக் கேட்டாள். ஜெசிந்தா பிரஷர் பார்த்தாள். அந்த இரண்டு நிமிடத்தை மாரிக்கனி பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அரிக்கிற இடத்தைக் காட்டுங்க." காட்டினாள். "சிவக்கல, தடிக்கல. மூச்சு சுத்தமா இருக்கு. பிரஷர் நல்லா இருக்கு. வீக்கம் எங்கயும் இல்லம்மா." "அப்ப அரிக்கலங்கிறீங்களா?" "அரிக்குதுன்னு நீங்க சொன்னா அரிக்குதுதான். உள்ள போனதுனால அரிக்குதா, பயத்துனால அரிக்குதாங்கிறதுதான் கேள்வி. சும்மா மாவு மாத்திரை குடுத்தாக்கூடச் சிலருக்கு இப்படி இருக்கும்." பிறகு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "நான் பத்து நிமிசம் இங்கயே இருக்கேன். மேல ஏதாச்சும் வந்தா ஊசி கையில இருக்கு. ஆனா உங்களுக்குப் பயமா இருந்தா இப்பவே நிறுத்திடலாம், தப்பில்ல. இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றாள். இன்னொரு நாள். இன்னொரு நாள் காளிராஜ் விடமாட்டான், அவளும் வரமாட்டாள், அது அவளுக்குத் தெரியும். "பயமாத்தான் இருக்கு. ஆனா நிறுத்தாதீங்க" என்றாள் மாரிக்கனி. "முப்பத்தேழு வருசம் இதுகிட்ட நான் பயந்தாச்சு. இன்னைக்கு அது என்னதான் பண்ணும்னு பாத்துட்டுத்தான் எந்திரிப்பேன்." நிலோஃபர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள்.

அரிப்பு கொஞ்ச நேரம் இருந்தது. போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போகவில்லை, கடையில் சண்டைக்கு வந்தவன் ஆள் சேராமல் நகர்ந்துவிடுகிற மாதிரி, எப்போது போனது என்றே தெரியாமல் போயிருந்தது. தேடிப் பார்த்தாள், கழுத்தில் இல்லை, காதுக்குப் பின்னால் இல்லை. பத்து ஐம்பத்தெட்டு. நாக்கு வாய்க்குள் தன் இடத்தில் கிடந்தது. பசித்தது. இவ்வளவு நேரமும் பசிக்கவே இல்லை என்பது பசித்த பிறகுதான் தெரிந்தது. வெளியே போனதும் முதலில் என்ன செய்வது? காளிராஜுக்குப் போன் செய்து உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லலாம். வேண்டாம், சாயங்காலம் நேரில் போய் நிற்கலாம், அவன் முகத்தைப் பார்க்கலாம். இந்த உடம்பு ஒரு பாவமும் செய்யவில்லை. ஏழு வயதில் மணல்வாரி வந்தது, வந்தவள் போனாள், அவ்வளவுதான். அதைப் போய் நோஞ்சான் உடம்பு, ஆகாத உடம்பு, தொட்டால் ஒடிகிற உடம்பு என்று எல்லாரும் பொத்திப் பொத்தி, இவளும் நம்பி. ஐம்பது கிலோ மூட்டையைப் புரட்டித் தள்ளுகிற உடம்பு இது. அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டாள். பதினொன்று பத்துக்கு ஜெசிந்தா விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றினாள். பதினொன்று இருபதுவரை நிலோஃபர் இன்னொரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா. உங்களுக்குப் பென்சிலின் தாராளமா ஆகும்" என்று ஃபைல் அட்டையில் சிவப்பு வரியைக் குறுக்கே அடித்தாள். மாரிக்கனி அட்டையைத் திரும்ப நகர்த்தினாள். "அடிச்சா மட்டும் பத்தாது டாக்டர். ஏன் அடிச்சீங்கன்னு பக்கத்துல எழுதுங்க. அது மணல்வாரி, ஊசி இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இல்லைன்னா அடுத்து வர்ற டாக்டர் எதுக்கு வம்புன்னு மறுபடி எழுதிப்புடுவாரு." நிலோஃபர் அவளைப் பார்த்துவிட்டு, சிரிக்காமல், எழுதினாள். மூன்று நாள் வரைக்கும் காலையும் மாலையும் உடம்பை யாராவது பார்க்க வேண்டும், முதுகை விட்டுவிடக் கூடாது, தாமதமாகவும் சிலருக்குத் தடிக்கலாம், தடித்தால் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

வராந்தாவில் பேச்சியம்மாள் எழுந்து நின்றிருந்தாள். உள்ளே கத்தியது கேட்டதிலிருந்து நின்றுகொண்டே இருந்திருக்க வேண்டும். "என்னாச்சு தாயி?" என்றாள். "ஒண்ணும் ஆகல" என்றாள் மாரிக்கனி. பத்தொன்பது நாளுக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை அது. அம்மா கையெடுத்துக் கும்பிடுவாள், கன்னத்தில் போட்டுக்கொள்வாள் என்று நினைத்தாள். அவள் அதெல்லாம் செய்யவில்லை. பெஞ்சில் மெள்ள உட்கார்ந்தாள். மஞ்சப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "அப்ப உன் காது?" என்று கேட்டாள். மாரிக்கனி இத்தனை நாளாக வைத்துக் கொளுத்தலாம் என்று பொத்தி வைத்திருந்த கேள்வி, அதை இவளே எடுத்துவிட்டாள். "போச்சு. எந்த மாத்திரைக்கும் அது வராது" என்றாள். "நான்தான..." "நீதான். உன்னை நான் மன்னிக்கலம்மா. மன்னிச்சுட்டேன்னு இப்பச் சொன்னா அதுவும் பொய்யாப்போகும், நம்ம வீட்டுக்கு ஒரு பொய் போதும்." அம்மா தலையை ஆட்டினாள். அழவில்லை, மறுக்கவும் இல்லை. மாரிக்கனி பக்கத்தில் உட்கார்ந்தாள். "மூணு நாளைக்கு ஆள் பாக்கணுமாம். என் முதுகு எனக்குத் தெரியாது. என் வீட்டு மனுசன் பயந்து எதைக் கண்டாலும் தடிப்பும்பாரு. நீதான் பாக்கணும்." அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "நானா?" "நீதான். தடிப்பு வந்தா என்ன சொல்லுவ?" "வந்துருக்குன்னு சொல்லுவேன்." "வராட்டி?" "வரலைன்னு சொல்லுவேன்." "எத்தனாம் நாளுன்னு டாக்டர் கேட்டா?" பேச்சியம்மாள் மகள் முகத்தையே பார்த்தாள். "எந்த நாளு வந்துச்சோ அந்த நாளத்தான் சொல்லுவேன் தாயி," என்றாள், "யாரு அதட்டுனாலும்." மாரிக்கனி ஃபைலை அவள் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.